வரப்பு வண்டின் முகவரி

விளக்கடியில் ஒரு பதற்றம்

மழைக்கால இரவில் டியூப்லைட்டைச் சுற்றி எத்தனையோ பூச்சிகள் வரும். ஈசலைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. ஆனால் எறும்பைவிடச் சற்று நீளமாக, மெலிந்த உடம்போடு, சிவப்பும் கறுப்பும் மாறி மாறித் தெரிகிற பூச்சி ஒன்று சுவரில் ஓடினால் வீடே எழுந்து நிற்கும். "ஆசிட் பூச்சி! கையால அடிச்சிராத, தோலு வெந்துரும்!" என்று யாராவது கத்துவார்கள். அடுத்த நொடி செருப்போ செய்தித்தாளோ அதன் மேல் விழும்.

பயத்துக்குக் காரணம் உண்டு. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் நூறு மாணவர்கள் வரை தோல் கொப்புளத்தோடு மருத்துவரிடம் போனார்கள். அந்த மழைக்காலத்தில் கேரளத்தின் எர்ணாகுளம் பக்கமும் இதே பூச்சி செய்தியில் அடிபட்டது. ஆனால் விளக்கடியில் செத்துக் கிடக்கும் எல்லாச் சிவப்புக் கறுப்புப் பூச்சியும் குற்றவாளியா? நெல்வயலை ஒட்டிய ஊர் என்றால் அதில் சில, கொப்புளத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வண்டாக இருக்கும். நிறமும் அளவும் ஒன்றுதான், விளக்குக்கு வரும் பழக்கமும் உண்டு. குடும்பம் மட்டும் முற்றிலும் வேறு.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி, பிரித்த பிறகு அந்த இரண்டாவது வண்டுக்குப் பெயர் வைப்பது எப்படி, அது உண்மையில் எங்கே குடியிருக்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல, பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், அட்டப்பாடியில் இருக்கும் அகளி வரை போக வேண்டியிருக்கும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அது தூரமில்லை. ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடிதான்.

உறை எங்கே முடிகிறது?

வண்டு இனத்துக்கு நான்கு இறக்கைகள். முன் இரண்டும் கெட்டிப்பட்டு மூடிபோல ஆகிவிட்டன. பறக்க உதவுபவை அவற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் பின்னிறக்கைகள். அந்தக் கெட்டி மூடிகளை இனி இறக்கையுறை என்று சொல்வோம். பொன்வண்டின் முதுகில் பச்சையாக மின்னுவது அதன் இறக்கையுறைதான்.

கொப்புளம் தரும் பூச்சியின் பெயர் பேடரஸ். நம் வயல்களில் அதிகம் காணப்படும் இனம் பேடரஸ் ஃபுஸ்கிபெஸ். அதன் இறக்கையுறை மிகவும் குட்டை. மார்பைத் தாண்டியதும் முடிந்துவிடும். நீலமும் பச்சையும் கலந்து மின்னும் அந்தத் துண்டுக்குப் பின்னால், ஆரஞ்சு நிற வயிற்று வளையங்கள் திறந்தே கிடக்கும். வால் நுனி கறுப்பு. தொந்தரவு செய்தால் தேள் மாதிரி வயிற்றை மேலே தூக்கும். முதலில் பார்த்தால் இது வண்டு என்றே தோன்றாது. பலர் இதை ஈ என்றும் எறும்பு என்றும் சொல்வது அதனால்தான்.

இது கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. நசுக்கும்போது உடல் நீரில் இருக்கும் பேடரின் என்ற நச்சு தோலில் படுகிறது. அந்த நச்சையும் வண்டு தானாகச் செய்வதில்லை. அதன் உடலுக்குள் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா செய்து கொடுக்கிறது. தோல் சிவந்து கொப்புளிக்க ஒன்றிரண்டு நாள் ஆகலாம். அதனால் எந்தப் பூச்சி, எப்போது பட்டது என்பதே பலருக்குத் தெரியாமல் போகும். மேலே ஏறினால் அடிக்கக் கூடாது. ஊதித் தள்ளலாம், காகிதத்தில் ஏற்றி வெளியே விடலாம். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இனி இரண்டாவது வண்டு. இதற்கு ஓஃபியோனியா என்று பெயர். உடல் சுமார் ஏழு மில்லிமீட்டர். தலை கறுப்பு, பின்பக்கம் ஒடுங்கிக் கழுத்தாகிறது. அடுத்து சிவந்த, புட்டியின் கழுத்துப்போல நீண்ட மார்பு. இறக்கையுறை சிவப்பு, அதன் குறுக்கே கருநீலப் பட்டை, சிறு வெள்ளைப் புள்ளிகள். இந்த உறை வயிற்றின் கிட்டத்தட்ட முழு நீளத்தையும் மூடிவிடும், கடைசி நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். ஆக, விளக்கடியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி நிறத்தைப் பற்றியதல்ல: உறை எங்கே முடிகிறது? மார்புக்குப் பின்னால் உடனே முடிந்தால் ஒதுங்கி நில்லுங்கள். வால்வரை போனால் நிதானமாக உட்கார்ந்து பார்க்கலாம்.

ஏன் இத்தனை ஒற்றுமை? நச்சுள்ள பூச்சியின் உடையை நச்சில்லாத பூச்சி போட்டுக்கொண்டால் பறவையும் பல்லியும் விலகிப் போகும் என்று ஊகிக்கலாம். இயற்கையில் அப்படிப்பட்ட வேடங்கள் நிறைய உண்டு. ஆனால் ஒரே வயலில், ஒரே புல் இடுக்கில், ஒரே மாதிரி நுழைந்து திரியும் இரண்டு உயிர்கள் ஒரே மாதிரி மெலிந்து போவதற்கு வேடம் தேவையில்லை. எனக்கு இரண்டாவது காரணத்தின் மேல் சாய்வு அதிகம். நிறத்துக்கு மட்டும் முதல் காரணத்தைக் கொஞ்சம் ஒத்துக்கொள்வேன்.

குடும்பம் தெரிந்துவிட்டது

ஓஃபியோனியா தரைவண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தரைவண்டு இனங்கள் சுமார் 40,000. தோட்டத்தில் கல்லைப் புரட்டினால் கறுப்பாக மின்னிக்கொண்டு தலைதெறிக்க ஓடுகிறதே, அது பெரும்பாலும் இக்குடும்பத்தது. பெரும்பாலானவை இரவில் வேட்டையாடுபவை.

குடும்பத்தைக் கண்டுபிடிக்க ஒரு கைக்கண்ணாடி போதும். உணர்கொம்பு நூல்போல மெலிந்து, 11 கணுக்களோடு இருக்கும்; அது கண்ணுக்கும் தாடைக்கும் நடுவிலிருந்து புறப்படும். ஆறு கால்களின் பாதங்களிலும் ஐந்தைந்து கணுக்கள். மல்லாத்திப் போட்டால், பின்னங்காலின் அடித்துண்டு வயிற்றின் முதல் தகட்டை இரண்டாகப் பிளந்து நிற்பது தெரியும். முன்னங்காலின் உட்புறத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். உணர்கொம்பை அதில் கோத்து இழுத்துச் சுத்தம் செய்துகொள்ளும். சேற்றில் திரிகிற பிராணிக்கு உணர்கொம்பில் அழுக்குச் சேர்ந்தால் மூக்கும் விரலும் ஒருசேர அடைபட்ட மாதிரி. வண்டை ஒரு கண்ணாடிக் குப்பியில் விட்டுப் பொறுமையாகப் பார்த்தால் இந்தக் கொம்பு துடைக்கும் வேலையை நேரிலேயே காணலாம்.

இந்தக் குடும்பத்தில் நீரோரத்தை நாடும் வண்டுகளுக்குக் குறைவே இல்லை. ஆற்றுமணலில் புதைந்து கிடக்கும் வட்ட வண்டுகள், குளக்கரைக் கல்லடியில் பச்சையாக மின்னும் வண்டுகள் என்று பல. பிடித்தால் கிருமிநாசினி வாடை அடிப்பவையும் உண்டு. பிள்ளைப்பூச்சியின் முட்டையைத் தின்று வளரும் வெடிவண்டு இவற்றில் பேர்போனது. ஆபத்து வந்தால் அது வால் வழியாகக் கொதிக்கும் ரசாயனத்தைப் பீய்ச்சும். சார்லஸ் டார்வின் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது ஏமாந்ததும் ஒரு தரைவண்டிடம்தான். மரப்பட்டைக்கு அடியில் கைக்கு ஒரு வண்டாகப் பிடித்துவிட்டார். அப்போது மூன்றாவதாக ஓர் அரிய வண்டு ஓடியது. கை காலியில்லையே என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கில் எரிநீரைத் துப்ப, அதுவும் போயிற்று, மூன்றாவதும் போயிற்று. அந்த மூன்றாவது, சிவப்பு முதுகில் கறுப்புச் சிலுவை போட்ட பனகேயஸ் என்ற சதுப்புநிலத் தரைவண்டு என்று 1846இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் குறிப்பிட்டிருக்கிறார். வண்டு பிடிக்கப் போகிறவர்கள் கையில் குப்பி எடுத்துப் போவது நல்லது.

பெயர் வரை போவது

குடும்பம் தெரிந்தால் பாதி தூரம் வந்துவிட்டோம். மீதிப் பாதி கடினமானது. நம் நெல்வயல்களில் அதிகம் பேசப்படும் ஓஃபியோனியாக்கள் இரண்டு: ஓஃபியோனியா இண்டிகா, ஓஃபியோனியா நிக்ரோஃபேசியேட்டா. முன்னதற்கு 1784இல் பெயரிட்டவர் லின்னேயஸின் மாணவர் துன்பெர்க். பின்னதற்கு 1846இல் ஷ்மிட்-கோபெல் பெயர் வைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பட்டையின் அகலமும் இடமும் கொஞ்சம் மாறும். ஆனால் ஒரே இனத்துக்குள்ளேயே பட்டை சற்று அகன்றும் குறுகியும் இருக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வது ஆபத்து.

வல்லுநர்கள் என்ன செய்கிறார்கள்? நுண்ணோக்கியில் வைத்து, கண்ணுக்கு மேலே எத்தனை ரோமம், மார்பின் ஓரம் எப்படி வளைகிறது, உறையின் நீளவரிகளில் புள்ளிக்குழிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்க்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்தெடுத்து அதன் வளைவைப் பார்க்கிறார்கள். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்களில்கூட இந்த உறுப்பு வேறாக இருப்பது வழக்கம். இப்போது மரபணுவின் ஒரு துண்டைப் படித்து ஒப்பிடும் முறையும் வந்துவிட்டது. அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒப்பிட, ஏற்கெனவே யாரோ ஒருவர் சரியாகப் பெயர் கண்டுபிடித்த வண்டின் மரபணு வேண்டும். பழைய வேலை சரியாக இருந்தால்தான் புதிய கருவி வேலை செய்யும்.

அந்தப் பழைய வேலையில் பெரும்பங்கு ஹெர்பர்ட் எட்வர்ட் ஆண்ட்ரூஸ் என்பவருடையது. இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்தவர். பிறகு லண்டனில் உட்கார்ந்து இந்தியத் தரைவண்டுகளையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். பிரிட்டிஷ் இந்திய விலங்கு வரிசையில் தரைவண்டுகளுக்கு அவர் எழுதிய இரண்டு தொகுதிகள் 1929இலும் 1935இலும் வந்தன. அந்த வரிசையில் இக்குடும்பத்துக்கு அதற்கு மேல் தொகுதி வரவே இல்லை. அவருக்கு வண்டுகள் அனுப்பிய இடங்களில் ஒன்று அட்டப்பாடிக்குத் தலைமாட்டில் நிற்கும் நீலகிரி. பின்னாளில், காரைக்கால் குரும்பகரத்தோடும் கோயம்புத்தூரோடும் தொடர்புடைய பி. சூசை நாதன் என்ற தமிழர் உலக அருங்காட்சியகங்களுக்கெல்லாம் பூச்சிகளைச் சேகரித்து அனுப்பினார். அவர் பெயரைத் தாங்கிய பூச்சி இனங்கள் பல உண்டு. நம் பாடநூல்களில் அவர் பெயர் இல்லாதது பெரிய குறை. அண்மைக் காலத்தில் கோழிக்கோடு தேவகிரி கல்லூரியில் சாபு தாமஸ் குழுவினர் கேரளத் தரைவண்டுகளை மறுபடி வரிசைப்படுத்தியிருக்கிறார்கள்.

ஊசியில் குத்தி வைத்த வண்டுக்குக் கீழே ஒரு சிறு சீட்டு இருக்கும். பழைய சீட்டுகளில் பெரும்பாலும் ஊர், சேகரித்தவர் பெயர், தேதி இருந்தால் அதுவும் இருக்கும். 'நீலகிரி மலை' என்று மட்டும் எழுதிய சீட்டுகள் ஏராளம். நீலகிரியில் எங்கே? ஓடைக்கரையிலா, சோலைக்காட்டுச் சருகிலா, தேயிலைத் தோட்டத்து விளக்கடியிலா? வெறும் ஊர் பெயர் மட்டும் எழுதிய தபாலை எந்த வீட்டில் கொடுப்பது? வண்டுக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது, முகவரி கிடைப்பதில்லை. இனம் கண்டுபிடிப்பது என்றால் பெயர் கண்டுபிடிப்பது என்றே நாம் பழகிவிட்டோம். என் கட்சி வேறு: முகவரி தெரியாத பெயர் அரைப்பெயர்தான்.

ஒரு வண்டு, பல வீடுகள்

ஓஃபியோனியாவையே எடுத்துக்கொள்வோம். 'எங்கே கிடைத்தது?' என்றால் 'டியூப்லைட்டில்' என்பது ஒரு பதில். அது வண்டின் வீடல்ல, வழிதவறி வந்த இடம். 'நெல்வயலில்' என்பது அதைவிட நல்ல பதில். ஆனால் அதுவும் முழுமையில்லை.

இலைச்சுருட்டுப்புழுவிலிருந்து தொடங்க வேண்டும். வெளிர்நிற அந்துப்பூச்சி ஒன்று நெல்லின் இலையில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு வளர்ந்ததும் இலையின் இரண்டு ஓரங்களையும் பட்டுநூலால் இழுத்துத் தைத்துக் குழாயாக்கிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் இலையில் வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள் தெரியும். வயலே வெளுத்த மாதிரி ஆகிவிடும். குழாய்க்குள் இருக்கும் புழுவைக் குருவியோ தட்டானோ எளிதில் தொட முடியாது.

ஓஃபியோனியாவால் முடியும். அதன் ஒடுங்கிய உடம்பும் நீண்ட கழுத்தும் இப்போது அர்த்தமாகும். தரைவண்டு என்று குடும்பப் பெயர் இருந்தாலும், இது தரையில் மட்டும் திரிவதில்லை. நெற்பயிரின் மேல் ஏறி இலை இலையாகத் தேடும், சுருட்டைக் கண்டால் உள்ளே நுழைந்து புழுவைத் தின்னும். வளர்ந்த வண்டு மட்டுமல்ல, அதன் இளம்புழுவும் இதே வேட்டைக்காரன்தான். கறுத்து மின்னும் இந்த இளம்புழுவை இலைச்சுருட்டுக்குள்ளேயே காணலாம். சுருட்டைப் பிரித்துப் பார்க்கும் விவசாயி உள்ளே ஒரு கறுப்புப் புழுவைக் கண்டால், அதுவும் பயிரைத் தின்ன வந்ததுதான் என்று நினைத்து நசுக்கிவிடுவார். வீட்டுச் சொந்தக்காரன் பச்சையாகவும் வெளிறியும் இருப்பான். கறுத்து மின்னுவது அவனைப் பிடிக்க வந்தது.

வளர்ந்து முடித்த இளம்புழு அடுத்து கூட்டுப்புழுப் பருவத்துக்குப் போக வேண்டும். உண்ணாமல், ஓடாமல், உள்ளுக்குள் முழு உடலையும் மாற்றிக் கட்டும் பருவம் அது. அந்த நாட்களில் எதிரி வந்தாலும் தண்ணீர் வந்தாலும் நகர முடியாது. நெற்பயிரின் காலடியில் சேறும் தண்ணீரும். அங்கே படுத்தால் மூச்சு முட்டும். அதனால் அது போகிற இடம் வரப்பு. வரப்பு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது, அங்கிருந்தே வண்டாக வெளியே வருகிறது.

இதுதான் அதன் முழு முகவரி: வேட்டைக்குப் பயிரின் மேல்தட்டு, குழந்தைப் பருவத்துக்கு இலைச்சுருட்டு, உருமாற வரப்பு மண். தண்ணீர் நிற்கும் வயலில் இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டுக்குச் சிரமம்தான். பயிர் மட்டும் இருந்து வரப்பு இல்லாத வயல், இதற்கு வயலே இல்லை.

நஞ்சை என்று நாம் சொல்லும் நிலம், வண்டின் அளவில் இறங்கிப் பார்த்தால் ஒரே நிலம் கிடையாது. தண்ணீர் நிற்கும் சேறும், ஒரு சாண் உயரத்தில் காய்ந்த மண்ணும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. ஈரநில வண்டு என்றால் தண்ணீரில் வாழ்வது என்று பொருளில்லை. ஈரமும் காய்ச்சலும் சந்திக்கும் விளிம்பில் வாழ்வது என்று பொருள். அறுவடை முடிந்து வயல் வெடித்துக் கிடக்கும் மாதங்களிலும் வரப்புப் புல்லடியில் நிழலும் கொஞ்சம் ஈரமும் மிச்சம் இருக்கும்.

நாளொன்றுக்கு எத்தனை?

பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் 'நெல் விவசாயியின் நண்பர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு படப்புத்தகம் வெளியிட்டது. ஷெப்பர்ட், பாரியன், லிட்சிங்கர் என்ற மூவர் எழுதியது. அப்போது நிறுவனத்தின் தலைமை இயக்குநர் எம். எஸ். சுவாமிநாதன். அந்தப் புத்தகத்தில் ஓஃபியோனியாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து புழுக்களைத் தின்னும், வளர்ந்த வண்டு தத்துப்பூச்சிகளையும் பிடிக்கும் என்று அதில் இருக்கிறது. விளக்கடியில் நம்மை மிரட்டிய பேடரஸும் நெல் விவசாயியின் நண்பன்தான். அதுவும் தத்துப்பூச்சி தின்னும். நம் தோலுக்குப் பகை, பயிருக்கு நட்பு.

மூன்று முதல் ஐந்து என்றால் பத்து நாளில் 30 முதல் 50 புழு. ஏழு மில்லிமீட்டர் உடம்புக்கு நல்ல சாப்பாடு. ஆனால் இந்தக் கணக்கை வயல் முழுக்கப் பெருக்கிப் பார்த்து மயங்கக் கூடாது. வயலில் வண்டு பாதி நேரத்தைத் தேடுவதில் செலவழிக்கும், கிடைத்த வேறு இரையைத் தின்னும், தானும் தவளைக்கு இரையாகும். ஓஃபியோனியா தனியாளாக வயலைக் காப்பாற்றும் என்று சொன்னால் அது பொய். ஓநாய்ச் சிலந்தி, நீர்த்தாண்டிப் பூச்சி, முட்டை தின்னும் நாவாய்ப்பூச்சி, ஒட்டுண்ணிக் குளவி என்று பெரிய படையில் இது ஒரு சிப்பாய்.

அந்தப் படை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஆசியா நேரில் பார்த்துவிட்டது. புகையான் என்ற தத்துப்பூச்சி நெல்லின் அடித்தண்டில் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்துபோகும். 1973-74இல் கேரளத்தின் குட்டநாட்டில் பெருஞ்சேதம் செய்தது. மருந்து அடித்தால் போகும் என்று அடித்தார்கள். அடிக்க அடிக்கக் கூடியது. காரணம் எளிது. புகையானின் முட்டை இலையுறைக்குள் செருகப்பட்டிருப்பதால் மருந்து அதைத் தொடுவதில்லை. மேலே திரியும் சிலந்தியும் வண்டும் செத்துப்போகும். சில நாளில் முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் காத்திருக்கும். இந்தோனேசியா இதைப் புரிந்துகொண்டு 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளை ஒரே ஆணையில் தடை செய்தது. நெல் விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தார்கள், விழவில்லை.

வரப்பு யாருடைய கணக்கில்?

வரப்பைச் செதுக்கிச் சுத்தமாக வைப்பது நல்ல விவசாயிக்கு அழகு என்பார்கள். எலிவளை இருந்தால் வெட்டத்தான் வேண்டும், தண்ணீர் கசிந்தால் சேறு பூசத்தான் வேண்டும். அதில் சண்டை இல்லை. ஆனால் வரப்பு முழுக்கக் களைக்கொல்லி அடித்துப் புல்லைச் சுடுவதும், காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதும், இரண்டு வயலை ஒன்றாக்க வரப்பையே எடுத்துவிடுவதும் வேறு விஷயம். நடவுக்கு முன்பே காவலாளியின் குடிசையைக் கொளுத்திவிட்டு, பயிர் வந்ததும் காவலாளியைக் கடையில் புட்டியில் வாங்குகிறோம்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்த்தால் சுவையான முரண் ஒன்று கிடைக்கும். நெல்வயலும் ஈரநிலம்தான் என்பதை, ஈரநிலங்களுக்கான ராம்சர் ஒப்பந்த நாடுகள் 2008இல் தென்கொரியாவின் சாங்வோனில் கூடி ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றின. அதே 2008இல் கேரளம் நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. நெல்வயல் என்பதில் அதைச் சேர்ந்த வரப்பு, வடிகால், குளம், வாய்க்கால் எல்லாம் அடங்கும் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனால் நடுவண் அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளில் நெல்வயலும் ஈரநிலம் அல்ல, ஆற்றுப்படுகையும் ஈரநிலம் அல்ல. ஓஃபியோனியாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு தீர்ப்புச் சொன்னால், பூச்சியியலுக்கு நெருக்கமாக எழுதப்பட்டது கேரளச் சட்டம்.

அகளியில் எங்கே தேடுவது?

பாலக்காட்டுச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லாக இருக்கும்போது இந்த வண்டின் முகவரியை யோசிக்கவே தோன்றாது. எங்கும் அதன் வீடுதான். அகளிக்கு வந்தால்தான் கேள்வி கூர்மையாகிறது.

கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே கடலுக்குப் போகின்றன. மூன்றுதான் கிழக்கே வருகின்றன: வயநாட்டின் கபினி, அட்டப்பாடியின் பவானி, இடுக்கியின் பாம்பாறு. பவானி நீலகிரியில் பிறந்து அமைதிப் பள்ளத்தாக்கின் ஓரமாக இறங்கி, முக்காலியில் திரும்பி அட்டப்பாடிக்குள் கிழக்கு நோக்கி ஓடுகிறது. சிறுவாணியைச் சேர்த்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்புகிறது. அதே மாதிரி பாம்பாறு மறையூர், சின்னாறு வழியாக இறங்கி அமராவதியில் சேர்கிறது. இரண்டுமே மழைமறைவுப் பக்கம். முக்காலி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அங்கிருந்து கிழக்கே வர வர மழை மெலிந்து, ஆனைகட்டியை நெருங்கும்போது முள்மரமும் கள்ளியும் வந்துவிடும். மேட்டு நிலங்களில் ராகியும் சாமையும் துவரையும்தான் பழைய பயிர்கள்.

இப்படிப்பட்ட நிலத்தில் ஈரநிலம் என்பது பரப்பாக இல்லை, நாடாவாக இருக்கிறது. ஆற்றின் இரு கரையிலும் சில அடி அகலம், ஓடை இறங்கும் பள்ளம், வாய்க்கால் கசிகிற மூலை. மேட்டில் பத்தடி ஏறினால் மண் உலர்ந்துவிடும். அதனால் இங்கே ஈரநிலத் தரைவண்டைத் தேடுபவர் ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த நாடாவில், தண்ணீரின் விளிம்பிலிருந்து மேலே ஐந்தாறு அடிக்குள் தேடினால் போதும். கூழாங்கல் கரை, மணல் திட்டு, கோரைப்புல், வண்டல் படிந்த சருகு ஆகிய நான்கையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றில் இருக்கும் வண்டு அடுத்ததில் இருக்காது. கோரையையும் புல்லையும் வெள்ளைத் துணியின் மேல் தட்டினால் மேல்தட்டில் வேட்டையாடுபவை விழும். கல்லைப் புரட்டினால் தரையில் ஓடுபவை தெரியும். புரட்டிய கல்லைப் பழையபடியே வைத்துவிட வேண்டும், அது யாரோ ஒருவரின் கூரை.

காட்டு எல்லைக்குள் எதையும் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். படம் எடுப்பதே நமக்குப் போதும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. பிறகு நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள்: நாள், நேரம், ஊர். அதோடு நிறுத்தாமல், தண்ணீரிலிருந்து எத்தனை அடி, கல்லா மணலா புல்லா, மண் ஈரமா உலர்ந்ததா, வண்டு என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். விளக்கில் கிடைத்தது என்றால் விளக்கு என்றே எழுதுங்கள். இனத்தின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடலாம். அதை நிபுணர் ஒருவர் பின்னால் நிரப்புவார். இடத்தைப் பற்றிய குறிப்பை நிரப்ப அங்கே நின்ற உங்களைத் தவிர வேறு யாராலும் முடியாது.